பழைய காரின் ஹெட்லைட் கனெக்டர் உருகினால்: சாக்கெட்டா, ரிலேயா, முழு ஒயரிங்கா, எல்இடியா?

டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பகுதிகளிலும் இருபது, முப்பது வயதைக் கடந்த கார்கள் இன்றும் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் ஊர் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் 2006 வரை தயாரான டொயோட்டா டாஸ், இப்போது கரியேகா என்று பெயர் மாறியிருக்கும் யூட்டன்ஹேக்கில் 2009 வரை தயாரான சிட்டி கோல்ஃப், அவற்றுக்கும் மூத்த கொரோல்லாக்கள் ஆகியவற்றை வைத்திருப்போர் ஏறக்குறைய ஒரே கேள்வியை அனுப்புகிறார்கள். அணைந்துபோன பல்பை மாற்றப் போனால் அதன் பின்னால் இருக்கும் கனெக்டர் பழுப்பேறி, உருகி, பல்பின் முனைகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கனெக்டரை, அதாவது பல்பு செருகும் சாக்கெட்டை, மட்டும் மாற்றினால் போதுமா, ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போட வேண்டுமா, ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டுமா, எல்இடி பல்பு போட்டால் இந்தத் தொல்லை தீருமா என்பதே அந்தக் கேள்வி.

என் தந்தையார் விட்டுச் சென்ற 1994 கொரோல்லாவில் நானும் இதே இடத்தில்தான் தடுமாறினேன். ஒரு புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்து, குடும்பத்தோடு இரவில் சாட்ஸ்வொர்த் திரும்பும் வழியில் வலப்பக்க விளக்கு அணைந்தது. மறுநாள் புதிய கனெக்டர் போட்டேன். நான்கு மாதத்தில் அதுவும் உருகியது. இரண்டாவது கனெக்டரும் உருகிய பிறகுதான் மல்டிமீட்டரைக் கையில் எடுத்து, எங்கே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று அளந்தேன். அன்று முதலில் அளந்திருந்தால் இரண்டு கனெக்டர்களும் இரண்டு சனிக்கிழமைகளும் மிஞ்சியிருக்கும். ஆகவே வழிகளை ஒப்பிடுவதற்கு முன், எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

## வெப்பம் எங்கிருந்து வருகிறது

பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது எச்4 வகை ஹாலோஜன் பல்பு; தாழ் ஒளிக்கும் தூர ஒளிக்கும் ஒரே பல்பில் இரண்டு இழைகள். அதன் திறன் தூர ஒளிக்கு 60 வாட், தாழ் ஒளிக்கு 55 வாட். 12 வோல்ட் கணக்கில் ஒரு பல்புக்கு முறையே 5 ஆம்பியர், ஏறத்தாழ 4.6 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. ஓர் இணைப்பில் உருவாகும் வெப்பம், மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, அதை அந்த இணைப்பின் மின்தடையால் பெருக்கிய அளவு. புதிய கனெக்டரில் தடை 0.01 ஓம் என்று கொண்டால் தாழ் ஒளியில் அங்கே எழும் வெப்பம் 0.2 வாட் மட்டுமே. உப்புக் காற்றிலும் ஈரத்திலும் முனைகள் கறுத்து, தடை 0.2 ஓம் ஆகிவிட்டால் அதே இடத்தில் 4 வாட்டுக்கு மேல் வெப்பம் எழும். கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டுக்குள், ஏற்கெனவே சூடாக இருக்கும் பல்புக்குப் பின்னால், அது மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது.

ஒருமுறை சூடேறிய பித்தளை முனை தன் வில் இறுக்கத்தை இழந்துவிடும். இறுக்கம் குறையக் குறையத் தடை கூடும்; தடை கூடக் கூட வெப்பம் கூடும். உருகத் தொடங்கிய கனெக்டரைச் சுரண்டித் துடைத்துத் திரும்பச் செருகுவதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்காததற்கு இதுவே காரணம். வீடு வந்து சேர்வதற்கு அது உதவும், அதற்கு மேல் உதவாது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பல்பின் திறன். முன்பு காரை வைத்திருந்தவர் வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பைப் போட்டிருக்கலாம். என் காரில் அதுதான் நடந்திருந்தது. தாழ் ஒளிக்கு மின்னோட்டம் 7.5 ஆம்பியராக உயர்ந்தால், 0.2 ஓம் தடையில் வெப்பம் 11 வாட்டைத் தாண்டும். பழைய ஒயரிங்கில் அத்தகைய பல்பு இருந்தால், எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதானாலும், முதல் வேலையாக 60/55 பல்புக்குத் திரும்பிவிடுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் நான்கு அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். முதலாவது, அந்த வழி வெப்பத்தின் மூலத்தை நீக்குகிறதா, அல்லது உருகிய பொருளை மட்டும் மாற்றுகிறதா என்பது. இரண்டாவது, சாலையில் விழும் வெளிச்சம். ஹாலோஜன் பல்பின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர் விகிதத்தில் குறைவதில்லை, ஏறக்குறைய 3.4 அடுக்கில் குறைகிறது. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஒளி 30 சதவீதம் போய்விடும். தென்னாப்பிரிக்கச் சாலை விதிகள் தாழ் ஒளியில் 45 மீட்டரும் தூர ஒளியில் 100 மீட்டரும் முன்னால் தெரிய வேண்டும் என்கின்றன. மின்வெட்டில் தெருவிளக்குகள் அணைந்து கிடந்த இரவுகளில் ஃபீனிக்ஸ் தெருக்களில் ஓட்டியவர்களுக்கு அந்த 45 மீட்டரின் அருமை தெரியும். மூன்றாவது, கடையில் கொடுக்கும் விலையோடு பின்னால் வரும் மறைவான செலவும். நான்காவது, காரின் மூல ஒயரிங்கை வெட்டாமல் செய்ய முடிகிறதா, விற்கும்போது வாங்கவேண்டிய, கார் சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோடுவொர்த்தி சான்றிதழுக்கு அது தடையாகுமா என்பது.

இவற்றில் முதல் இரண்டையும் ஒரே சோதனையில் அறியலாம். எஞ்சின் ஓடட்டும், விளக்கு எரியட்டும். பேட்டரியின் இரு முனைகளில் மின்னழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு பல்பின் பின்புற முனைகளில், கனெக்டர் செருகியபடியே இருக்க, ஊசி போன்ற மீட்டர் முனையை உள்ளே விட்டு அளந்து பாருங்கள். என் காரில் பேட்டரியில் 14.0 வோல்ட், பல்பில் 12.2 வோல்ட். இடையில் தொலைந்தது 1.8 வோல்ட், அதாவது பல்பு தரக்கூடிய ஒளியில் ஏறத்தாழ 63 சதவீதமே சாலைக்கு வந்துகொண்டிருந்தது. அந்த 1.8 வோல்ட்டில் 0.7 மட்டும் கனெக்டரில் தொலைந்தது. மீதி 1.1 வோல்ட் ஸ்விட்சிலும், தாழ் ஒளிக்கும் தூர ஒளிக்கும் மாற்றும் டிம்மர் தண்டிலும், மெல்லிய ஒயரிலும், மின்னோட்டம் காரின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் துருப்பிடித்த எர்த் இணைப்பிலும் பரவியிருந்தது. எர்த் பக்கத்தைத் தனியே அளக்க, பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மீட்டரை வைக்க வேண்டும். மொத்த இழப்பு 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். 1 வோல்ட்டைத் தாண்டினால் கனெக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த எண் தெரியாமல் கீழே உள்ள எந்த வழியையும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

## முதல் வழி: சாக்கெட்டை மட்டும் மாற்றுவது

மிக மலிவான வழி இது. பீங்கான் எச்4 சாக்கெட் ஒன்றை, முன்கூட்டியே ஒயர் இணைத்த நிலையில், ஏறக்குறைய ஒரு பன்னி சௌ (ரொட்டிக்குள் கறி நிரப்பிய நம் ஊர் உணவு) விலைக்கு வாங்கிவிடலாம். நைலான் சாக்கெட்டைவிடப் பீங்கான் சாக்கெட் வெப்பத்தைத் தாங்குவதால், இருப்பதில் அதையே வாங்குங்கள். ஆனால் பீங்கான் உருகாது என்பதாலேயே உள்ளே இருக்கும் முனையும் நன்றாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். பல்பைச் செருகும்போது இறுக்கமாக, கொஞ்சம் பலம் கொடுத்துத்தான் போக வேண்டும். தளர்வாகப் போனால் அந்தச் சாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த வழியின் மறைவான செலவு இணைப்பில் இருக்கிறது. சூடேறிய ஒயரின் உள்ளே செம்பு கறுத்து, உறை விறைத்துப் போயிருக்கும். பளபளக்கும் செம்பு தெரியும் வரை அதை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சில சமயம் 10 சென்டிமீட்டர் வரை போக வேண்டியிருக்கும். நான் இரண்டு முறையும் கறுத்த ஒயரிலேயே புதிய சாக்கெட்டை இணைத்தேன், அது என் முதல் தவறு. இணைப்பைச் சால்டர் வைப்பதைவிட, சரியான இடுக்கியால் லக்கை (ஒயரின் முனையில் மாட்டும் உலோகத் துண்டை) அழுத்தி, மேலே சூடாக்கினால் சுருங்கும், பசை உள்ள குழாய் போடுவதே நல்லது. சால்டர் ஒயருக்குள் ஊறி விறைத்த இடத்தில் அதிர்வால் இழைகள் முறியும். வழக்கமான ஈய சால்டர் 190 பாகையிலேயே இளகிவிடும் என்பதால் மீண்டும் சூடேறினால் இணைப்பே நழுவலாம்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? மொத்த இழப்பு சிறியதாக இருந்து, அதில் பெரும்பகுதி கனெக்டரிலேயே இருப்பவர்களுக்கும், ஏற்கெனவே தொழிற்சாலையிலேயே ரிலே பொருத்தப்பட்ட காரை வைத்திருப்பவர்களுக்கும். என் கணக்கில் சாக்கெட் மாற்றியதும் பல்புக்கு 12.9 வோல்ட் கிடைத்தது. ஒளி 63 சதவீதத்திலிருந்து 76 சதவீதத்துக்கு ஏறியது. ஸ்விட்சும் டிம்மர் தண்டும் முன்போலவே சூடாகிக்கொண்டிருந்தன.

## இரண்டாவது வழி: ரிலேயும் புதிய ஒயரும்

பல பழைய கார்களில், குறிப்பாக முதல் தலைமுறை கோல்ஃபின் வழிவந்தவற்றில், பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் டாஷ்போர்டுக்குள் நுழைந்து, ஸ்விட்ச் வழியாகவும் டிம்மர் தண்டு வழியாகவும் சுற்றி, திரும்ப முன்பக்கம் வந்து பல்பைச் சேர்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.018 ஓம் தடை. இரண்டு தூர ஒளிகளுக்குமான 10 ஆம்பியரும் அதில் 5 மீட்டர் பயணித்தால் ஒயரிலேயே 0.9 வோல்ட் தொலைந்துவிடும். ரிலே இந்தப் பயணத்தைச் சுருக்குகிறது. பழைய ஸ்விட்சும் ஒயரும் ரிலேயின் சுருளை இயக்கும் 0.15 ஆம்பியரை மட்டும் சுமக்கும். பல்புக்கான முழு மின்னோட்டம் பேட்டரியிலிருந்து ஒன்றரை மீட்டர் தடித்த ஒயரில் நேராகச் செல்லும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் அந்தத் தூரத்தில் தொலைவது ஏறத்தாழ 0.1 வோல்ட் மட்டுமே.

இந்த வழியில் நான் மிகவும் விரும்பும் அம்சம், காரின் மூல ஒயரிங்கில் ஓர் இடத்தில்கூட வெட்ட வேண்டியதில்லை என்பது. உருகாமல் இருக்கும் பக்கத்துப் பழைய கனெக்டர், ரிலேயோடு வரும் புதிய ஒயர்த் தொகுதியின் செருகியில் சேர்ந்து ரிலேக்குக் கட்டளை கொடுக்கும் வேலையை மட்டும் செய்யும். மற்ற பக்கத்துக் கனெக்டரை மூடிக் கட்டிவிடலாம். பிடிக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ரிலே போட்டால் பல்புக்குக் கூடுதல் மின்னழுத்தம் கிடைக்கும், அதனால் மின்னோட்டமும் சற்றுக் கூடும். இறுக்கம் இழந்த பழைய சாக்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு ரிலே மட்டும் போட்டால், அந்தச் சாக்கெட் முன்பைவிட விரைவாக எரியும். ரிலேயும் புதிய சாக்கெட்டும் சேர்ந்துதான் ஒரு வழியாகும்.

ஆயத்தமாக விற்கும் தொகுதிகளை வாங்குவோர் மூன்றைப் பார்த்து வாங்க வேண்டும். ஒயரின் முனையைச் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வாங்காதீர்கள். ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும், ஏனெனில் ஃபியூஸுக்கு முந்தைய ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. இரண்டு விளக்குகளுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ் இருந்தால் அது போகும் நொடியில் இரு கண்களும் அணைந்துவிடும். வான் ரீனன் கணவாயின் இறக்கத்தில் அது நேர்வதை எண்ணிப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு ஃபியூஸ் என்று பிரித்துக்கொள்வதற்கு ஆகும் சிறு செலவை நான் எப்போதும் செய்துவிடுவேன். ரிலேயைப் பொருத்தும்போது அதன் முனைகள் கீழ்நோக்கி இருக்கட்டும். நம் ஊர் மழையும் கடற்காற்றும் உள்ளே தங்காது. எர்த்துக்குப் பழைய திருகை நம்பாமல், பெயின்ட்டைச் சுரண்டிய இடத்திலோ நேராகப் பேட்டரியின் எதிர்முனையிலோ புதிய ஒயரை இணையுங்கள்.

டொயோட்டா உள்ளிட்ட பல ஜப்பானியக் கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றில் ஸ்விட்ச் நேர்மின் பக்கத்தை அல்லாமல் எர்த் பக்கத்தைத் திறந்து மூடுகிறது. பல்புக்கு எப்போதும் 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும். தாழ் ஒளியா தூர ஒளியா என்பதை எந்த இழை எர்த்தோடு சேர்கிறது என்பதே முடிவு செய்யும். இதை அறிய, கனெக்டரைக் கழற்றி, விளக்கைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி எதிர்முனையில் வைத்து மற்றதால் கனெக்டரின் மூன்று துளைகளையும் பாருங்கள். தாழ் ஒளிக்கும் தூர ஒளிக்கும் மாற்றும்போது 12 வோல்ட் ஒரு துளையிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறினால் சாதாரணத் தொகுதி போதும். ஒரே துளையில் நிலையாக நின்றால் எர்த் பக்க ஸ்விட்சுக்கென்று செய்த தொகுதி வேண்டும். தவறான தொகுதியைப் போட்டுவிட்டு ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று எண்ணி அதையும் மாற்றியவர்களை எனக்குத் தெரியும். சரியான தொகுதியிலும்கூட, இத்தகைய கார்களில் தூர ஒளி எரிவதைக் காட்டும் டாஷ்போர்டின் நீல விளக்கு எரியாமல் போவதுண்டு. அதற்குத் தனியே ஓர் ஒயர் இழுக்க வேண்டியிருக்கலாம்.

மறைவான செலவாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழு மின்னழுத்தம் பெறும் பல்பின் ஆயுள் குறையும். என் காரில் இப்போது 13.8 வோல்ட் கிடைக்கிறது. ஒளி 95 சதவீதம். பல்பு மாற்றும் இடைவெளி முன்பைவிடச் சுருங்கியிருக்கிறது. ஹில்டன் அருகே மூடுபனியில் சாலையின் ஓரக்கோடு தெரிகிறது என்பதற்காக அதை மனமுவந்து ஏற்றுக்கொள்கிறேன்.

## மூன்றாவது வழி: ஒயரிங் முழுவதையும் மாற்றுவது

உடைத்த கார்களின் உதிரிகளை விற்கும் இடத்திலிருந்து அதே மாடலின் முன்பக்க ஒயரிங்கை எடுத்துப் போடலாம் என்பது பலரின் எண்ணம். அது உங்கள் காரின் வயதையே ஒத்த ஒயரிங், அதே கடற்காற்றில் இருந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்து வந்ததா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்கவும் முடியாது. அதைக் கழற்றிப் பொருத்த ஆகும் கூலி, பொருளின் விலையைப் பலமடங்கு தாண்டும். ஒயர்க்கட்டின் நடுப்பகுதியிலேயே உறை உருகி ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ, எலி கடித்திருந்தாலோ, முன்பு யாரோ பல இடங்களில் வெட்டி ஒட்டியிருந்தாலோ மட்டுமே இந்த வழி நியாயமாகும். அப்போதும் புதிதாகச் செய்து தரச் சொல்வதே மேல்.

## நான்காவது வழி: எல்இடி பல்பு

எல்இடி பல்பு ஏறத்தாழ 20 முதல் 30 வாட்டே எடுப்பதால் கனெக்டர் சூடாவது குறையும் என்பது உண்மை. ஆனால் எச்4 விளக்கின் கண்ணாடியும் எதிரொளிப்பானும், மெல்லிய ஓர் இழை குறிப்பிட்ட ஓர் இடத்தில் எரிகிறது என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. எல்இடியின் ஒளி எழும் இடமும் வடிவமும் வேறு. காருக்கு அருகே தரை பளிச்சென்று தெரியும், தொலைவு தெரியாது. எதிரே வருபவரின் கண் கூசும். வெளிச்சம் கூடிவிட்டது என்று ஓட்டுநர் நம்பிக்கொண்டிருக்க, எதிரில் வருபவர் பாதசாரியைப் பார்க்க முடியாமல் போவதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. தாழ் ஒளியின் வெட்டுக்கோடு (ஒளி மேலே நின்றுவிடும் எல்லை) ஒழுங்காக இல்லாவிட்டால் சோதனை நிலையத்தில் ரோடுவொர்த்தி தேறாமல் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இறுக்கம் இழந்த சாக்கெட் அப்படியே இருக்கிறது. நாளை ஹாலோஜனுக்குத் திரும்பினால் அது மீண்டும் உருகும். எச்4 விளக்குக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சாக்கெட் மட்டும் | சாக்கெட் + ரிலே | முழு ஒயரிங் | எல்இடி |
|---|---|---|---|---|
| வெப்ப மூலம் | பல்பின் பின்னால் மட்டும் நீங்கும் | ஸ்விட்ச் வரை நீங்கும் | புதியதானால் நீங்கும் | குறையும், சாக்கெட் கெட்டபடியே |
| வெளிச்சம் | ஓரளவு கூடும் | மிகவும் கூடும் | மூல நிலைக்கு வரும் | சிதறும், கண் கூசும் |
| மறைவான செலவு | கறுத்த ஒயரை வெட்டுவது | பல்பின் ஆயுள், நீல விளக்கு | கூலி | ரோடுவொர்த்தி |
| மூல ஒயரிங் | சிறிது வெட்ட வேண்டும் | வெட்ட வேண்டாம் | மாறிவிடும் | தொட வேண்டாம் |

## உங்கள் நிலைமைக்கு எது

இழப்பு 0.5 வோல்ட்டைச் சற்றுத் தாண்டி, பகலில் மட்டும் அதிகம் ஓடும் காராக இருந்தால் இரு பக்கத்துக்கும் பீங்கான் சாக்கெட் போட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பக்கம் உருகியிருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான். இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். இழப்பு 1 வோல்ட்டைத் தாண்டியிருந்தாலும், டிம்மர் தண்டைத் தொட்டால் சுட்டாலும், இரவில் என்3 சாலையில் ஜோஹன்னஸ்பர்க் போய்வருபவராக இருந்தாலும் ரிலேயும் சாக்கெட்டும் சேர்ந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். ஆறு மாதத்தில் காரை விற்கப் போகிறீர்கள் என்றாலும் அதையே சொல்வேன், வாங்குபவர் நம் தெருவில்தான் ஓட்டப் போகிறார். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர், அளப்பதற்கு மட்டும் ஓர் ஆட்டோ எலக்ட்ரிஷனிடம் காட்டி, பேட்டரியிலும் பல்பிலும் கிடைத்த இரண்டு எண்களையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு எண்களையும் தராமல் நேராக விலை சொல்பவரிடம் அவசரப்பட வேண்டாம்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். முடிந்த பின் சுவருக்கு நேரே சமதளத்தில் நிறுத்தி, ஒளியின் உயரம் இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் வெளிச்சம் தவறான கோணத்தில் விழுந்தால் எதிரே வருபவருக்குத்தான் தொல்லை. ஒரு மாதம் கழித்து, அரை மணி நேரம் விளக்குப் போட்டு ஓட்டிய பிறகு எஞ்சினை நிறுத்தி, விளக்கையும் அணைத்து, பானெட்டைத் திறந்து, சாக்கெட்டிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி ஒயரைத் தொட்டுப் பாருங்கள். அது சுட்டால், எங்கோ ஓர் இணைப்பு இன்னும் தளர்ந்திருக்கிறது. மீட்டரை மறுபடியும் எடுங்கள்.